‘அமெச்சூர்’ என்றால் அரைகுறையா?

“படம் ரொம்ப அமெச்சூரா இருக்கு” என்றால் எடுத்தவருக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். ஆனால் ‘அமெச்சூர் நாடகக் குழு’ என்னும்போது அந்தக் குறை ஒட்டுவதில்லை. பகலில் ஆபீஸுக்குப் போய்விட்டு மாலையில் ஒத்திகைக்கு வருகிறவர்கள் என்று புரிந்துகொள்கிறோம். இந்தப் பொருள்தான் மூத்தது.

லத்தீனில் ‘அமாரே’ என்றால் நேசித்தல், ‘அமாத்தோர்’ நேசிப்பவர். அது பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் கலையிலோ படிப்பிலோ பிரியம் உள்ளவரைக் குறித்தது. அப்புறம் அதைப் பிழைப்பாகக் கொள்ளாதவரை. அரைகுறை என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது.

அந்த மூத்த பொருளுக்கு ஆங்கில வரலாற்றாசிரியர் ஜார்ஜ் குரோட்டைவிட (1794–1871) நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாமல், 16 வயதிலேயே அப்பா அவரை லண்டனில் இருந்த குடும்ப வங்கியில் உட்காரவைத்தார். வங்கி வேலை போக மிஞ்சிய நேரத்தில் கிரேக்கம் படித்தார். 1832 முதல் 1841 வரை எம்.பி.; ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று திரும்பத் திரும்பத் தீர்மானம் கொண்டுவந்து தோற்றார். 1843இல் வங்கியை விட்டார். 1846 முதல் 1856 வரை அவருடைய கிரேக்க வரலாறு 12 தொகுதிகளாக வந்தது.

அவருக்கு முன்பு வில்லியம் மிட்ஃபோர்டு எழுதிய கிரேக்க வரலாறு மக்களாட்சியை வெறுப்போடு பார்த்தது. குரோட் மூல நூல்களுக்கே திரும்பிப் போய், ஏதென்ஸின் பலமே மக்களாட்சிதான் என்று வாதிட்டார். கூலி வாங்கிப் பாடம் சொன்னதாகப் பிளேட்டோ இகழ்ந்த சோஃபிஸ்டுகள் என்ற பண்டைய கிரேக்க ஆசிரியர்களுக்காகவும் பரிந்து எழுதினார். வரலாற்றைப் பிழைப்பாகக் கொள்ளாத மனிதர், காசு வாங்கிய ஆசிரியர்களுக்காக வாதாடியது எனக்கு மிகவும் பிடித்த இடம். நாட்டின் பெருமக்களை அடக்கம் செய்யும் லண்டன் தேவாலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் குரோட்டை அடக்கம் செய்தார்கள்.

கேம்பிரிட்ஜில் வரலாற்றுக்கென்று தனிப் பட்டத் தேர்வு வந்ததே 1870களில்தான். பட்டமும் பதவியும் உள்ளவர்தான் வரலாற்றாசிரியர் என்ற எண்ணம் ஊன்றிய பிறகு, அந்தத் துறையில் ‘அமெச்சூர்’ மதிப்பிழந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கற்றுக்குட்டி’ தவறு, அது புதிதாகப் பழகுகிறவரைக் குறிக்கும். ‘பயில்முறை’ என்ற கலைச்சொல் நாடகத்துக்கும் வானியலுக்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் இன்னும் பயிற்சியில் இருப்பவர் என்ற சாயல் அதில் விழுகிறது. ‘தன்னார்வலர்’ சம்பளமில்லாமல் சேவை செய்பவர்.

என் தேர்வு ‘ஆர்வலர்’. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்’ என்கிறது 71ஆம் குறள். அங்கே ஆர்வலர் என்றால் அன்புடையவர். லத்தீன் ‘அமாத்தோர்’ சொல்வதும் அதுவே. ஊரில் கல்வெட்டு கிடைத்த செய்திகளில் ‘வரலாற்று ஆர்வலர்’ என்று வருகிறதே, குரோட்டுக்கும் அந்தப் பெயர் தாராளமாகப் பொருந்தும். சம்பளம் இல்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் ‘தொழில்முறை சாராத’ என்று போடலாம். அரைகுறை வேலைக்கு ‘அரைகுறை’ என்ற சொல்லே இருக்கிறது.