சர்நேம்: தமிழில் குடும்பப்பெயர்

படிவத்தில் 'சர்நேம்' என்ற கட்டம் வந்தால் நம்மில் பலர் அப்பா பெயரை எழுதுகிறோம். சொல்லின் பொருள் அதுவன்று. பழைய பிரெஞ்சில் 'சுர்' என்றால் மேல், 'நோம்' என்றால் பெயர். இயற்பெயருக்கு மேல் ஒட்டிய அடைபெயர் என்பதே முதற்பொருள். அது மாறாமல் பிள்ளைகளுக்கும் இறங்கியபோது இன்றைய பொருள் வந்தது. 'சயர்' (தந்தை) என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வது பிழை. ஆங்கிலேயரே ஒரு காலத்தில் அப்படி நம்பி எழுத்துக்கூட்டலை மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

தமிழில் குடும்பப்பெயர் என்பதே பொருந்தும். குலப்பெயர் என்றால் சாதியாகிவிடும். தலைப்பெழுத்தோ தலைமுறைதோறும் மாறும். தந்தை பெயரை முன்னால் வைப்பது நம் பழைய முறை: கொற்றன் மகன் கொற்றன், 'கொற்றங்கொற்றன்' ஆவதற்குத் தொல்காப்பியத்தில் புணர்ச்சி விதியே உண்டு.

கடல் கடந்த குடும்பங்களில்தான் இந்த வேறுபாடு ஆளைத் திணறடிக்கும். மொரிஷியஸில் முதலில் இறங்கியவரின் இயற்பெயரே பல வீடுகளுக்குக் குடும்பப்பெயராக உறைந்தது. ஆறுமுகம் 'அர்மூகம்' ஆனார், கருப்பன் 'குர்ப்பென்' ஆனார். தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் பட்டங்கள் உறைந்தன: முதலி 'மூட்லி', கவுண்டர் 'கோவெண்டர்'. பட்டத்தைப் பின்னாளில் சேர்த்துக்கொண்டவர்களும் இருப்பதால், அதை மட்டும் வைத்துப் பூர்வீகத்தை முடிவு செய்யக் கூடாது.

ஆகவே முன்னோரைக் குடும்பப்பெயரால் தேடாதீர்கள், எண்ணால் தேடுங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் சேர்ந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் நட்டால் அரசு ஓர் எண் கொடுத்தது. வீட்டிலுள்ள இறப்புச் சான்றிலிருந்து திருமணப் பதிவுக்கும், அங்கிருந்து பிறப்புப் பதிவுக்கும் பின்னோக்கிப் போனால் ஏதாவதொன்றில் அந்த எண் அகப்படலாம். எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் ஒரே வரியில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலிலுள்ள தழும்பு வரை இருக்கும். மொரிஷியஸ் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன.

ஊர்ப்பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். ஜில்லாவையும் அன்றைய எல்லைப்படி பார்க்க வேண்டும். 'வட ஆற்காடு' என்றிருந்தால் தமிழ்நாட்டில் மட்டும் தேடி ஓயாதீர்கள். வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து சித்தூர் தனி மாவட்டமானது 1911இல்தான், இன்று அது ஆந்திரத்தில் இருக்கிறது.