ரத்தக் குழாயை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், ஆச்சி

கண்டனூரிலிருந்து ஓர் ஆச்சி காரைக்குடியில் எங்கள் லேபுக்கு வந்தார். கையில் தெர்மாஸ், உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே ஊதா மூடி போட்ட ரத்தக் குழாய். "நேத்தே எடுத்தாச்சு தம்பி. கெட்டுப்போகக் கூடாதுன்னு ராத்திரி ஃப்ரிட்ஜில வச்சிருந்தேன்" என்றார். பாலாக இருந்தால் சரி. சீட்டில் எழுதியிருந்ததோ நோயோடு போராடும் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களின் வகை பார்க்கும் சோதனை. அதற்குச் செல்கள் உயிரோடு வந்து சேர வேண்டும், குளிரில் அவை கெட்டுப்போகும்.

"மறுபடி குத்தணுமா? அப்படி என்னத்தப் பார்க்கப் போறீக?"

விசேஷத்துக்கு நாலு வீட்டுப் பித்தளைப் பாத்திரம் கலந்துவிட்டால் எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டேன். வெட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்து என்றார். இதுவும் அதேதான். லிம்போசைட்டில் டி செல், பி செல் என்று வகைகள் உண்டு, மைக்ரோஸ்கோப்பில் எல்லாம் ஒரே மாதிரி உருண்டை. மேலே இருக்கும் புரதங்கள்தாம் எழுத்து. டி செல்லுக்கு சிடி3, அதிலேயே உதவி செய்கிறவற்றுக்கு சிடி4, கொல்கிறவற்றுக்கு சிடி8, பி செல்லுக்கு சிடி19.

எழுத்தைப் படிப்பது ஆன்டிபாடி, தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதம். ஒரே செல்லின் வாரிசுகள் உண்டாக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடிக்கு ஒரே ஒரு எழுத்துதான் படிக்கத் தெரியும். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் எலியின் பி செல்லை, சாகாமல் பெருகும் புற்றுநோய்ச் செல்லோடு இணைத்து இதை உண்டாக்கும் வழியைக் கண்டார்கள். 1984-இல் நோபல் கிடைத்தது. ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடியை ரத்தத்தில் கலந்து கால் மணி நேரம் இருட்டில் வைத்து, சிவப்பணுக்களைக் கரைத்துவிட்டு ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில் விட்டால், செல்கள் ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடும், எந்தச் சாயம் ஒளிர்கிறது என்று பார்த்து எண்ணிவிடலாம். செத்த செல் இருக்கிறதே, அது கண்ட ஆன்டிபாடியையும் ஒட்டவைத்துக்கொள்ளும். கணக்கு அங்கேதான் கெடுகிறது.

எழுத்து வெட்டியிருப்பதால் யார் வீட்டுப் பாத்திரம் என்று தெரியும். ஓட்டை இருக்கிறதா என்று தெரியாது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து "எதிர்ப்புச் சக்தி பிரமாதம்" என்று சொல்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. செல் வேலை செய்கிறதா என்று பார்க்க அதைச் சீண்ட வேண்டும். சிடி3-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடியைக் கொண்டே டி செல்லைத் தட்டி எழுப்பலாம். எழுந்தால் சில மணி நேரத்தில் சிடி69 என்ற புது எழுத்து மேலே முளைக்கும். இதற்கு ஊதா மூடி ஆகாது. அதில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் டி செல் அசையாது. கால்சியத்தைப் பிடிக்காமல் உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாய் வேண்டும்.

அப்புறம் மருந்து. மூட்டு வாதத்துக்கு ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்டிருப்பதை ஆச்சி கிளம்பும்போதுதான் சொன்னார். அதுவும் மோனோகுளோனல் ஆன்டிபாடிதான். சிடி20 உள்ள பி செல்களை ஒழிக்கும். மிச்சம் எத்தனை என்று சிடி20-ஐ வைத்து எண்ண முடியாது, மருந்தே அந்த எழுத்தை மறைத்திருக்கும். அதனால் சிடி19. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும் லிம்போசைட் குறையும். எதையும் மறைக்காமல் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

"அப்போ இனிமே கார்லயே வச்சு எடுத்தாரவா?" என்றார். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள்ளா! வீட்டு நிழலில் இருக்கட்டும், எடுத்த அன்றைக்கே கொண்டுவாருங்கள் என்றேன். தெர்மாஸிலிருந்த ஐஸை வாசல் செடியில் கொட்டிவிட்டுப் போனார்.