555 புத்தகமும் வருடச் சந்தாவும்

மூட்டுவலிக்காரர் ஒருவர் என் அலுவலகப் படியேறி வந்தாலே விஷயம் சின்னதில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடைவரிசை ஒன்றின் மேல்மாடியில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். லிஃப்ட் கிடையாது. அன்று ஏறி வந்தவர் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்து நீவிவிட்டார். வெள்ளைத் தாள். ஒரு எழுத்துகூட இல்லை.

"இதுதான் ரசீது, தம்பி."

சூட்டில் அச்சாகும் தாள். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் நாலைந்து மாதம் வைத்திருந்திருக்கிறார், மை பறந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது 120 என்ற எண்ணின் நிழல் மட்டும் தெரிந்தது.

கோயில் திருவிழாவில் ஒரு கம்பெனி கூடாரம் போட்டிருக்கிறது. தமிழ்ப் படம், நாடகம் எல்லாம் கைப்பேசியிலேயே பார்க்கலாம், மாதம் 15 வெள்ளி (ரிங்கிட்), வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 120. நம்மவருக்குக் கணக்கு நன்றாக வரும். முப்பது வருடம் பிரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், பேர் போட்டவர். 180க்குப் பதில் 120, அறுபது வெள்ளி மிச்சம் என்று கட்டிவிட்டார். நாலு மாதம் படம் ஓடியது. அப்புறம் கைப்பேசியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். மீதி எட்டு மாதத்துக்கான எண்பது வெள்ளி போயிற்று. அவர்கள் கொடுத்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிய செய்திகள் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. "எண்பது வெள்ளி ஒரு காசா தம்பி, ஆனா ஏமாந்தோமேன்னு இருக்கு" என்றார்.

ஏமாற்று என்று நான் உடனே சொல்லவில்லை. தொடங்கும்போதே ஓடிப்போக நினைக்கும் கம்பெனிகளும் உண்டு. ஆனால் என் அனுபவத்தில் பாதிக்கு மேல், நொடித்துப் போனவை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

நான் அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். நீங்கள் 120 வெள்ளி கட்டிய அன்று, ஒழுங்காகக் கணக்கு எழுதும் எந்தக் கம்பெனியும் அதை வருமானம் என்று எழுதாது. முதல் மாதம் முடிந்தால் பத்து வெள்ளி வருமானம். மீதி 110 வெள்ளி, வங்கிக் கடன் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதே பக்கத்தில், பொறுப்பு என்ற தலைப்பின் கீழ் உட்கார்ந்திருக்கும். முன்கூட்டிப் பெற்ற பணம். படம் காட்டிக் கழிக்க வேண்டிய கடன். கடன் கொடுத்தவர் நீங்கள். வட்டி இல்லை, ஈடு இல்லை, கையெழுத்துகூட இல்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரே வழிதான். 555 புத்தகம். உள்ளங்கை அளவு சின்ன நோட்டு, அட்டையில் பெரிதாக 555. மளிகைக்கடைக்காரர் அரிசி, சீனி, மத்தி டின் எல்லாம் அதில் குறித்துக்கொண்டு கொடுப்பார். சம்பளம் போட்டதும் அடைப்போம். அன்று நம்பியவர் கடைக்காரர், நம்பப்பட்டவர் நாம். பணம் வராதோ என்ற பயம் அவருக்கு. சந்தா யுகத்தில் அந்தப் புத்தகம் திரும்பிவிட்டது. முன்பணம் கட்டிவிட்டு, சரக்கு வருமா என்று நாம் காத்திருக்கிறோம். ஆனால் புத்தகம் நம் கையில் இல்லை, அவர்கள் கையில்தான் இருக்கிறது.

பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு நெட்ஃபிளிக்ஸின் 2011ஆம் ஆண்டுக் கதையைச் சொல்வேன். அப்போது அது அமெரிக்காவில் தபாலில் டிவிடி அனுப்பியும் இணையத்தில் படம் ஓட்டியும் இரண்டையும் சேர்த்து மாதம் 9.99 டாலருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜூலை மாதம் இரண்டையும் பிரித்து, ஒவ்வொன்றும் 7.99 என்றார்கள். இரண்டும் வேண்டுமென்றால் 15.98. ஒரே மூச்சில் 60 விழுக்காடு ஏற்றம். செப்டம்பர் முதல் தேதி, நெட்ஃபிளிக்ஸுக்குப் படங்கள் கொடுத்துவந்த ஸ்டார்ஸ் நிறுவனம் தன் படங்களுக்கான ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. விலை கூடுகிறது, படம் குறைகிறது. அதே மாதம் 18ஆம் தேதி தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தான் தவறிவிட்டதாகச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கு எழுதினார். மன்னிப்புக் கடிதம் என்று படித்துக்கொண்டே போனால், அடியில் புதுச் செய்தி: டிவிடிப் பிரிவு இனி க்விக்ஸ்டர் என்ற தனிப் பெயரில், தனித் தளத்தில் இயங்கும். இரண்டு கடவுச்சொல், இரண்டு பில்.

எனக்கு இந்தக் கட்டம்தான் சுவாரசியம். விலையேற்றத்துக்கு நியாயமான காரணம் அவர்களிடம் இருந்தது. ஆரம்பத்தில் படங்களை மலிவாகக் கொடுத்த ஸ்டூடியோக்கள் பிறகு பல மடங்கு கேட்டன. டிவிடி காலம் முடியப்போகிறது என்பதையும் அவர்கள் சரியாகவே கணித்திருந்தார்கள். கணக்கில் தவறில்லை. பணம் கட்டுபவருக்கு ஒரே அட்டையில் இருந்ததை இரண்டாக வெட்டி, அதையும் மன்னிப்பு என்ற உறையில் போட்டுக் கொடுத்ததுதான் எரிச்சலைக் கிளப்பியது. மூன்று வாரத்தில், அக்டோபர் 10ஆம் தேதி, க்விக்ஸ்டர் பிறக்கும் முன்பே கைவிடப்பட்டது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் மட்டும் அமெரிக்காவில் 8 லட்சம் சந்தாதாரர்கள் போய்விட்டார்கள். ஜூலையில் 300 டாலரை ஒட்டி இருந்த பங்கு நவம்பர் முடிவதற்குள் 80க்குக் கீழே விழுந்தது.

இவ்வளவு நல்ல பேர் போனதே, இது கணக்குப் புத்தகத்தில் எந்த வரியில் குறைந்தது என்று கேட்டால், எந்த வரியிலும் இல்லை. ஒரு வியாபாரம் தானாகச் சேர்த்த நன்மதிப்பைச் சொத்தாக எழுத எங்கள் தொழிலில் அனுமதி இல்லை. யாராவது விலைகொடுத்து வாங்கும்போதுதான் அது தாளில் தெரியும். இங்கே ஒரு சாப்பாட்டுக் கடை கைமாறியபோது நான் கணக்குப் பார்த்தேன். அடுப்பு, ஐஸ்பெட்டி, மேசை நாற்காலி எல்லாம் சேர்த்து 18 ஆயிரம்கூடத் தேறாது. கடை போனது 40 ஆயிரத்துக்கு. மீதி, காலையில் பசியாற வரும் கூட்டத்துக்கான விலை. வாங்கியவர் தோசையைச் சுருக்கினார், சட்னியில் தேங்காயைக் குறைத்தார், விலையைத் தொடவில்லை. ஆறு மாதத்தில் கூட்டம் எதிர்வரிசைக்குப் போய்விட்டது. அவர் கணக்கில் இன்னும் அந்த அடுப்பும் மேசையும் பத்திரமாக இருக்கின்றன.

நெட்ஃபிளிக்ஸ் பிழைத்துக்கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022இல் முதல் காலாண்டில் 2 லட்சம், இரண்டாவதில் ஏறக்குறைய 10 லட்சம் பேரை இழந்தது. கடவுச்சொல்லைப் பகிர்வதுதான் அன்பு என்று 2017இல் டுவிட்டரில் எழுதிய அதே நிறுவனம், 2023இல் ஒரே வீட்டில் இல்லாதவர் பார்த்தால் தனியாகக் கட்டு என்றது. ஊரே திட்டியது. திட்டிக்கொண்டே கட்டினார்கள். 2024 முடியும்போது சந்தாக்கள் 30 கோடியைத் தாண்டிவிட்டன. ஆகவே வாடிக்கையாளரின் கோபம் கம்பெனியைக் கவிழ்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கையில் காசும் சொந்தப் படங்களும் இருப்பவர்கள் கோபத்தைத் தாங்குவார்கள். இல்லாதவர்கள் தாங்க மாட்டார்கள்.

நம் நாட்டிலேயே பாருங்கள். இணையத்தில் படம் காட்டும் ஐஃபிளிக்ஸ் 2015இல் இங்கே தொடங்கி, ஆசியா, ஆப்பிரிக்கா என்று பல நாடுகளுக்குப் பரவியது. மலேசியர்கள் பெருமையாகப் பேசிய நிறுவனம். 2020இல் கடன் சுமையோடு சீனாவின் டென்சென்ட்டிடம் சொத்துகளை விற்க வேண்டிவந்தது. அதே தொழிலில் இருந்த, ஸ்டார் ஊடகக் குழுமத்தின் டிம்சம் 2021இல் மூடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு, சிங்டெல், சோனி, வார்னர் என்ற மூன்று பெரிய பெயர்கள் சேர்ந்து நடத்திய ஹூக் சிங்கப்பூரில் கலைப்புக்குப் போனது, அதாவது இருப்பதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்து மூடும் நிலைக்கு. பின்னால் நிற்பவர் பெரிய ஆள் என்பது நம் சந்தாவுக்கு உத்தரவாதம் இல்லை. பெரிய ஆளுக்கு எப்போது கையை உதற வேண்டும் என்று நன்றாகத் தெரியும்.

ஒரு கம்பெனி தள்ளாடுவது முன்கூட்டியே தெரியுமா என்று கேட்பார்கள். கொஞ்சம் தெரியும். நான் முதலில் பார்ப்பது வருடச் சந்தாவுக்குத் திடீரென்று கொடுக்கும் பெரிய தள்ளுபடி. இந்த மாதச் சம்பளத்துக்குக் காசில்லாதவர்தான் அடுத்த வருடப் பணத்தை இன்றே பாதி விலைக்குக் கேட்பார். ஆயுள் சந்தா என்றால் யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். புதுப் படம் வருவது நின்று பழையதே சுற்றி வருவது அடுத்த அறிகுறி. உரிமத்துக்குப் பணம் கட்ட முடியவில்லை என்று பொருள். மற்றபடி, போனை எடுத்துப் பேச மனிதர் இல்லாமல் போவதெல்லாம் இப்போது நன்றாக நடக்கும் கம்பெனிகளிலும் உண்டு; அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மாதாமாதம் கட்டுங்கள் என்பதுதான் என் ஒரே பிடிவாதம். நெட்ஃபிளிக்ஸ் 2019இல் கைப்பேசிக்கு மட்டுமான 17 வெள்ளித் திட்டத்தை இங்கே கொண்டுவந்தபோது எத்தனை பேர் சேர்ந்தார்கள்! நின்றால் ஒரு மாதப் பணம்தான் போகும். அறுபது வெள்ளி மிச்சம் என்று நீங்கள் நினைப்பது, கம்பெனி உங்களிடம் வாங்கும் கடனுக்குத் தரும் வட்டி. அந்த வட்டிக்கு அந்த ஆளை நம்பலாமா என்பதே கேள்வி.

ஆனால் மாதக் கட்டணத்திலும் ஒரு கண்ணி உண்டு. தையல்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவரின் வங்கிக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வெள்ளிச் சொச்சம் ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் போயிருக்கிறது. "அது என்னக்கா?" என்றேன். மகன் பரீட்சை விடுமுறையில் ஏழு நாள் இலவசம் என்று எதையோ திறந்தானாம். செயலியை அன்றைக்கே நீக்கிவிட்டானாம். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. கணக்குக்குள் போய் ரத்து செய்ய வேண்டும், ரத்தான பக்கத்தைப் படம் பிடித்து வைக்க வேண்டும். இருபத்திரண்டு மாதம் போயிருந்தது. இலக்கவியல் சேவை வரி 2020இல் 6 விழுக்காடாக வந்து 2024 மார்ச்சிலிருந்து 8 ஆனது. யாரும் பார்க்காத சந்தாவுக்கு அக்கா வரியும் கட்டியிருக்கிறார். (வருமானவரிப் பாரம் நிரப்பும்போது இதைக் கழிக்க முடியுமா என்று ஏப்ரல் வந்தால் பத்துப் பேராவது கேட்கிறார்கள். உங்கள் பெயரில் உள்ள இணையக் கட்டணம் வாழ்க்கைமுறைக் கழிவில் வரும். படம் பார்க்கும் சந்தா வராது.)

பணம் போய்விட்டால் என்ன வழி? மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50 ஆயிரம் வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். கம்பெனி உயிரோடு இருந்து, இங்கே ஒரு முகவரியும் இருந்தால் இது நல்ல வழி, பலருக்குப் பணம் திரும்பியிருக்கிறது. அதற்கு ரசீது வேண்டும். அந்தச் சூட்டுத் தாளை வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். கம்பெனிப் பதிவு எண் அதில் இல்லையென்றால் பணமே கொடுக்காதீர்கள்.

மண்டோர் ஐயாவின் தாளில்தான் எழுத்தே இல்லையே. ஆனால் அவர் பேத்தி அந்தக் கூடாரத்தின் முன் தாத்தாவை நிற்கவைத்து ஒரு படம் எடுத்திருந்தாள். அவர் தோளுக்குப் பின்னால், பதாகையின் கீழ் மூலையில், பெரிதாக்கிப் பார்த்தால் பதிவு எண். கம்பெனிகள் ஆணையத்தில் தேடினேன். கலைப்பில் இருந்தது. பணம் பிரிக்கும்போது ஈடு வாங்கிய வங்கி தன் ஈட்டை எடுத்துக்கொள்ளும். கலைப்புச் செலவு, தொழிலாளர் சம்பளம், சேமநிதி, வரி என்று வரிசை நீளும். சந்தா கட்டியவர் அதற்கெல்லாம் பின்னால், படச் சரக்கு கொடுத்து ஏமாந்தவர்களோடு சேர்ந்து நிற்பார். இதைச் சொல்லி, எண்பது வெள்ளிக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டாமே ஐயா என்றேன்.

"கேட்டு வைப்போம் தம்பி. கேட்காம விட்டா நம்ம கணக்கே இல்லேன்னு ஆயிடும்."

கம்பெனி நமக்கு இவ்வளவு தர வேண்டும் என்று கலைப்பாளரிடம் கொடுக்கும் கடன் உறுதிப் பாரத்தை நிரப்பினேன். தொகை என்ற இடத்தில் 80 என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை. மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதம் கழித்துக் கலைப்பாளரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்ததென்று மறுபடியும் படியேறினார். கோரிக்கை கிடைத்தது, பதிவு செய்யப்பட்டுள்ளது என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. படித்துச் சொன்னேன். "நம்ம பேரு சரியா போட்டிருக்கானா?" என்று கேட்டார். சரியாகத்தான் இருந்தது. கடிதத்தை நாலாக மடித்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு 555 நோட்டை எடுத்து, நடுவில் செருகி, ரப்பர் வளையத்தைச் சுற்றிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.