புரோலாக்: முன்னுரையும் அல்ல, முன்னோட்டமும் அல்ல

அக்கா மகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து ஒரு தாளோடு வந்தாள். கணினிக்கும் விளையாட்டுக்குமான கலைச்சொற்களாம். எங்கோ யாரோ தொகுத்ததை யாரோ நகலெடுத்து, நகலின் நகலாக மொரிசியஸ் வரை வந்து சேர்ந்த தாள். அதற்கு முந்தின வாரம்தான் அவள் ரோஸ்ஹில்லில் பழைய டிஸ்க் விற்கும் கடையில் ‘கிரான் டூரிஸ்மோ 5 புரோலாக்’ என்ற கார்ப் பந்தய விளையாட்டைப் பார்த்து வைத்திருந்தாள். தாளில் ‘புரோலாக்’ என்பதைத் தேடினாள். ‘முன்னுரை’ என்று இருந்தது.

“மாமா, கார் ஓட்டுறதுக்கு முன்னாடி எஸ்ஸே எழுதணுமா?” என்றாள்.

அவள் கேட்டதில் என்ன தப்பு? அவளுக்குத் தெரிந்த முன்னுரை கட்டுரைத் தாளில் இருப்பது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மூன்று தலைப்புப் போட்டு நிரப்பினால் மதிப்பெண். இந்த ‘முன்னுரை’யை நானும் பலமுறை கேட்டுவிட்டேன். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போடும் விளையாட்டு வீடியோக்களில் கேட்டேன், இங்கே தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர்கள் வாயில் கேட்டேன். இனி எழுதாமல் இருக்க முடியாது.

முதலில் சொல்லின் பிறப்பு. கிரேக்கத்தில் ‘புரோ’ என்றால் முன், ‘லோகோஸ்’ என்றால் பேச்சு. நாடகத்தில் பாடகர் குழு அரங்கேறுவதற்கு முன் வரும் பகுதிக்கு அது பெயர். லத்தீன் வழியாக பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் போயிற்று. பிறப்பைப் பற்றி இதற்கு மேல் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சொல் எங்கே பிறந்தது என்பதைவிட இப்போது என்ன வேலை பார்க்கிறது என்பதே மொழிபெயர்ப்பவனுக்கு முக்கியம்.

இங்கே அது பார்க்கும் வேலை இது. ஜப்பானில் காசுனோரி யமாவுச்சியின் பாலிஃபனி டிஜிட்டல் நிறுவனம் பெரிய விளையாட்டைக் கட்டி முடிக்க வருடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்காக, கட்டி முடிந்த அளவில் ஒரு பகுதியை எடுத்துத் தனி டிஸ்க்காக விற்றது. 2003 டிசம்பரில் ஜப்பானில் ‘கிரான் டூரிஸ்மோ 4 புரோலாக்’ வந்தது. 2007 டிசம்பரில் ஐந்தாவதன் புரோலாக் ஜப்பானில் வெளியாகி, 2008 மார்ச்சில் ஐரோப்பாவுக்கும் ஏப்ரலில் அமெரிக்காவுக்கும் போனது. 70-க்கு மேற்பட்ட கார்கள். ஓட்ட சுசுகா, ஃபூஜி, டேடோனா, லண்டன் தெருக்கள், ஐகர் மலையடி, ஹைஸ்பீடு ரிங் என்று ஆறு இடங்கள். இணையத்தில் 16 பேர் வரை சேர்ந்து ஓட்டலாம். இதற்கு அமெரிக்காவில் வாங்கிய விலை 40 டாலர். முழு விளையாட்டு, 1,000-க்கு மேற்பட்ட கார்களோடு, 2010 நவம்பரில்தான் வந்தது.

ஆக, இது பேச்சு அல்ல, ஓட்டம். காசு கொடுத்து வாங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்து, வளைவில் பிரேக் போடத் தவறி மணலில் இறங்கும் ஓட்டம். இதைப் போய் உரை என்றால் எப்படி?

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், விடவில்லை. “ஐயா, முன் என்பது புரோ, உரை என்பது லோகோஸ். எலும்புக்கு எலும்பு பொருந்துதே! இதைவிட அழகா யாரால ஆக்க முடியும்?” என்றார். எலும்பு பொருந்துவது உண்மைதான். ஆனால் அவர் மொழிபெயர்த்தது கிரேக்கத்தை. அட்டையில் இருப்பது கார்.

சரி, உரை என்றே வைத்துக்கொள்வோம், நம் மரபு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பவணந்தியார் நன்னூலில் எடுத்த எடுப்பிலேயே முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை, பாயிரம் என்று எட்டுப் பெயர் சொல்லிவிடுகிறார். நூலுக்கு முன்னால் வருவதைச் சொல்ல எட்டுச் சொல் வைத்திருந்த மொழி இது, சொற்பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. கூடவே ஒரு கண்டிப்பும் உண்டு: “ஆயிர முகத்தான் அகன்றது ஆயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே.” ஆயிரம் பகுதியாக விரிந்தாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலே இல்லை.

இப்போது அந்த விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். 2010-இல் வந்த ஐந்தாம் கிரான் டூரிஸ்மோவுக்குள் புரோலாக் கிடையாது. புரோலாக்கைக் கண்ணால் கண்டிராதவனும் முழு விளையாட்டை முதலிலிருந்து முடிவு வரை ஆடலாம், ஒரு குறையும் தெரியாது. முன்னுரை நூலோடு ஒட்டியிருக்கும், நூலை அறிமுகப்படுத்தும், தனியாக விலைக்குப் போகாது. இதுவோ தனியாக வந்தது, தனியாக விற்றது, 50 லட்சத்துக்கு மேல் விற்றது. முன்னுரையை மட்டும் பிய்த்து 50 லட்சம் பேருக்கு விற்ற பதிப்பாளர் எவராவது இருந்தால் சொல்லுங்கள், எழுதுகிறவர்கள் எல்லோரும் அவர் வீட்டு வாசலில் போய் நிற்போம்.

இன்னொன்று, நம் தீவில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. ஜூலை மாதம் வந்தால் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைப் பார்க்கிறவர்கள் நாம். அதில் பல வருடங்களில் முதல் நாளில் ஒரு குட்டி ஓட்டம் வைப்பார்கள். பெரும்பாலும் எட்டு கிலோமீட்டருக்குள், ஒவ்வொருவராகத் தனியே, நேரத்தோடு போட்டி. 1967-இலிருந்து வரும் வழக்கம். அதன் பெயரும் ‘புரோலோக்’தான். ரோஸ்ஹில் கபேயில் உட்கார்ந்து பார்க்கும் யாரும் அதை முன்னுரை என்று புரிந்துகொண்டதில்லை, பெரிய ஓட்டத்துக்கு முந்தைய சின்ன ஓட்டம் என்றுதான் புரிந்துகொண்டார்கள். பந்தய உலகத்தில் இந்தச் சொல் பேச்சை விட்டு ஓட்டத்துக்கு வந்து அரை நூற்றாண்டு ஆயிற்று. அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவிட்டு எழுந்தவருக்கு இது எங்கே தெரியப்போகிறது?

அடுத்த எதிராளி ‘முன்னோட்டம்’. இதோடு சண்டை போடுவது எனக்கே கொஞ்சம் சங்கடம். பிரித்துப் பார்த்தால் முன் ஓடும் ஓட்டம். கார்ப் பந்தயத்துக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? ஆனால் சொல் வெறும் எழுத்துக்கூட்டு அல்லவே. சினிமாக்காரர்கள் இதை எப்போதோ டிரெய்லருக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இன்று முன்னோட்டம் என்றால் இரண்டு நிமிடம், இருட்டுத் திரை, இடிமுழக்கம், கடைசியில் தேதி. நாற்காலியில் சாய்ந்து பார்ப்பதற்கான பொருள் அது, கையில் எடுத்து ஓட்டுவதற்கானது அல்ல. ‘முன்னோட்டம் 40 டாலர்’ என்று எழுதினால் டிரெய்லருக்குக் காசா என்று வாசிப்பவர் சண்டைக்கு வருவார். ஒரு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால், அது நமக்காகச் செய்த நாற்காலியாகவே இருந்தாலும், மடியில் போய் உட்கார முடியாது. எங்கள் பிள்ளைகளுக்கு டிரெய்லர் பிரெஞ்சில் ‘பாந்த் அனோன்ஸ்’ என்பது வேறு கதை. அவர்களுக்கு முன்னோட்டம் என்றாலே டிரெய்லர் என்று ஒரு முறையும், இல்லை புரோலாக் என்று இன்னொரு முறையும் கற்றுக்கொடுத்தால் இரண்டையும் விட்டுவிட்டு இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழிக்குப் போய்விடுவார்கள். போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

என் சொல் வெள்ளோட்டம்.

புதிதாகத் தேர் செய்தாலோ, வெகுநாள் நின்றிருந்த தேரைப் பழுதுபார்த்தாலோ, திருவிழாவுக்கு முன் சாமி இல்லாமல் வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அதுதான் வெள்ளோட்டம். புதுக் கப்பலுக்கும் படகுக்கும் இதே சொல்தான். ‘வெள்’ என்பதில் வெண்மையும் இருக்கிறது, வெறுமையும் இருக்கிறது. வெட்டவெளியை வெள்ளிடை என்கிறோம் அல்லவா? அதே வெறுமை இங்கே ஓட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், 300 டன் எடை என்பார்கள். புதுப்பித்த பிறகு அதற்கு 2015-இல் வெள்ளோட்டம் விட்டபோது தியாகராஜர் அதில் இல்லை. ஆனாலும் ஊரே கூடியது. வடம் உண்மையான வடம், சக்கரம் உண்மையான சக்கரம், வீதியும் அதே வீதி. சாமி மட்டும் பாக்கி.

புரோலாக்கும் இப்படித்தான். கார் உண்மையாக ஓடியது. காரின் உள்ளே உட்கார்ந்து பார்க்கும் காட்சி இந்தத் தொடரில் அதில்தான் முதலில் வந்தது. ஓட்டம் எப்படி இருக்கிறது என்று ஆடியவர்கள் கண்டார்கள், இடையிடையே கூடுதல் கார்களும் திருத்தங்களும் வந்து சேர்ந்தன. லைசென்ஸ் தேர்வுகள் இல்லை, மோதினால் நசுங்குவது இல்லை, ஜெர்மனியின் புகழ்பெற்ற பந்தயத் தடமான நூர்பர்க்ரிங் இல்லை. அதாவது சாமி இல்லை. சொல் இவ்வளவு துல்லியமாக உட்காரும்போது எதற்கு உரையைத் தூக்கிக்கொண்டு அலைவானேன்?

தமிழாசிரியர் நண்பர் இதற்கும் ஒரு முட்டுக்கட்டை போட்டார். வெள்ளோட்டத்துக்கு யாரும் டிக்கெட் விற்பதில்லையே என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அது சொல்லின் குற்றமா, விற்றவரின் குற்றமா? ‘வெள்ளோட்டப் பதிப்பு, விலை இவ்வளவு’ என்று அட்டையில் போட்டிருந்தால், சாமி இல்லாத தேருக்கா இந்த விலை என்று வாங்குகிறவன் தானே யோசிப்பான். முன்னுரை என்றாலோ ஏதோ கதை இருக்கும் என்று நம்பிப் போவான். பொருள் விளங்கும் சொல் வாங்குகிறவனுக்குத் தராசு மாதிரி. இதனால்தான் எனக்குத் தூய்மையைவிடத் தெளிவின் மேல் பற்று அதிகம். வெள்ளோட்டம் இரண்டையும் ஒன்றாகத் தருவது அதிர்ஷ்டம்.

வாங்கத் தகுந்ததா என்று கேட்டால், 2008-இல் புதிதாக பிளேஸ்டேஷன் 3 வாங்கி, ஓட்ட நல்ல பந்தயம் இல்லாமல் கையைப் பிசைந்தவனுக்குத் தகும் என்பேன். எங்கள் ஏழு கறிச் சாப்பாட்டில் இலை போட்டு இரண்டு கறி மட்டும் பரிமாறி, மீதி ஐந்து இரண்டரை வருடம் கழித்து வரும், அதற்குத் தனிக் காசு என்று சொன்ன மாதிரிதான். ஆனால் பசித்தவனுக்கு அந்த இரண்டு கறி பெரிது, சமையலும் நன்றாகவே இருந்தது. 2010 நவம்பருக்குப் பிறகு முழு விலைக்கு வாங்கியவனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தாளில் இதோடு முடியவில்லை. ‘டெமோ’வுக்குச் ‘செயல்விளக்கம்’ என்று போட்டிருக்கிறது. செயல்விளக்கம் என்றால் ஒருவர் செய்துகாட்ட மற்றவர் நின்று பார்ப்பது. வயலில் உரம் தெளித்துக் காட்டுவார்களே, அது. விளையாட்டின் டெமோவில் செய்கிறவன் நீங்கள். ‘மாதிரி’ என்றால் போதாதா? 2024 டிசம்பரில் இதே நிறுவனம் ‘மை ஃபர்ஸ்ட் கிரான் டூரிஸ்மோ’ என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. அது மாதிரி. துணிக்கடையில் காட்டும் துண்டுத் துணிக்கு யாரும் காசு கேட்பதில்லை.

கட்டி முடிக்கும் முன்பே விளையாட்டை விற்பனைக்கு விடும் ‘எர்லி ஆக்சஸ்’ என்பதற்கு ‘முன்கூட்டிய அணுகல்’ என்று பார்த்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஆக்சஸ் என்று எங்கே வந்தாலும் அணுகல் என்று அடிக்கும் ஒரு நோய் தமிழில் பரவியிருக்கிறது. அணுகுவது என்றால் கிட்டே போவது. நான் விளையாட்டின் கிட்டே போகவில்லை ஐயா, உள்ளே போய் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ‘அசெட்டோ கோர்சா கம்பெட்டிசியோனே’ என்ற கார்ப் பந்தய விளையாட்டு 2018 செப்டம்பரில் இப்படித்தான் வந்தது. ஒரே ஒரு லம்போர்கினி, ஒரே ஒரு நூர்பர்க்ரிங். மாதாமாதம் காரும் தடமும் சேர்ந்து, 2019 மே மாதம் முழுமை பெற்றது. முதலில் வாங்கியவர் மறுபடி காசு கொடுக்கவில்லை. இது வெள்ளோட்டம் இல்லை, வேறு. எங்கள் ஊரில் கீழ்த்தளம் மட்டும் கட்டிக் குடிபுகுந்து, மாடிக்கென்று கம்பியை வானத்தைப் பார்க்க நீட்டிவிட்டிருப்பார்களே, அந்த வீடு. ‘வளர்நிலைப் பதிப்பு’ என்று சொல்லிப் பார்க்கிறேன். இதைவிட நல்லது யாராவது கொண்டுவந்தால் மகிழ்ச்சியோடு என்னுடையதைக் கீழே போட்டுவிடுவேன், அணுகலை மட்டும் கொண்டுவராதீர்கள்.

மொரிசியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து எந்த வரிசையில் வரவேண்டும் என்று 1998-இல் கொதித்தெழுந்து, அச்சிட்ட தாளையே திரும்ப வாங்க வைத்தவர்கள் நாம். வரிசைக்காக அவ்வளவு செய்தோம். பிள்ளைகள் கையில் கொடுக்கும் தாளில் பொருள் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் நமக்கு ஒரு சனிக்கிழமை மதியம் கிடைப்பதில்லை.

அக்கா மகள் அந்த டிஸ்க்கை வாங்கிவிட்டாள், கடைக்காரர் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார். கலைச்சொல் தாளில் முன்னுரையை அடித்துவிட்டு வெள்ளோட்டம் என்று எழுதியும் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் சுசுகாவும் லண்டனும் அலுத்துவிட்டன.

“சாமி எப்ப மாமா வரும்?” என்று கேட்டாள்.

2010-இலேயே வந்துவிட்டது, அந்த டிஸ்க் அந்தக் கடையில் இல்லை என்றேன்.