சாணமும் கோமியமும் சந்திக்கும் இடம்

"நம் ஊரில் சாணம் உரம். நெதர்லாந்தில் அதையே மாசு என்று சொல்லி மாட்டுப் பண்ணைகளைக் குறைக்கச் சொல்கிறார்களாமே, இது என்ன நியாயம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். விவசாயிகள் டிராக்டர்களால் நெடுஞ்சாலையை மறித்த காணொளியைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். நியாயத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மூக்குக்குத் தெரிந்த விஷயத்திலிருந்து தொடங்குவோம்.

விடிகாலையில் மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும்: சாணத்தின் வாடை வேறு, கண்ணைக் கரிக்கும் நெடி வேறு. அப்போதுதான் போட்ட சாணத்தில் அந்த நெடி இருக்காது. அப்போதுதான் பெய்த கோமியத்திலும் இருக்காது. இரவெல்லாம் இரண்டும் கலந்து கிடந்த தரையிலிருந்துதான் அது கிளம்பும். அதுதான் நைட்ரஜன் அடங்கிய அம்மோனியா வாயு. நெதர்லாந்தின் சண்டைக்கு நடுவில் இருப்பதும் அதுதான்.

மாடு தின்னும் தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் பாலில் சேர்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி சாணத்திலும் சிறுநீரிலும் போய்விடும். சிறுநீரில் போவது பெரும்பாலும் யூரியாவாகப் போகிறது. நாம் மூட்டையில் வாங்கி வயலில் தூவும் அதே யூரியா. தனியாக இருக்கும்வரை அது பரம சாது. தண்ணீரில் கரைத்து வைத்தால் தானாகச் சிதைய ஆண்டுக்கணக்கில் ஆகும்.

சாணத்தில் வாழும் பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அதன் மையத்தில் இரண்டு நிக்கல் அணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. யூரியா மூலக்கூறு அங்கே வந்து பொருந்தியதும் தண்ணீரின் ஒரு துண்டு அதைத் தாக்க, அம்மோனியா கழன்று விழுகிறது. ஆண்டுக்கணக்கில் ஆகவேண்டிய வேலை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது. ஒன்றுக்குப் பின்னால் 14 சுழியங்கள் போட்டால் எவ்வளவோ, அத்தனை மடங்கு வேகம். அதோடு நிற்பதில்லை. அம்மோனியா பிறக்கப் பிறக்கத் தேங்கிய நீரில் காரத்தன்மை ஏறுகிறது. காரம் ஏற ஏறக் கரைந்திருப்பது வாயுவாகிப் பறப்பது இன்னும் எளிதாகிறது. தன் பாதையைத் தானே அகலப்படுத்திக்கொண்டு போகும் வினை இது. தொழுவத்தைக் கழுவிவிட்டாலும் கான்கிரீட்டின் நுண்துளைகளில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் போதும், அடுத்த கோமியத்தைச் சிதைக்க.

இந்த யூரியேஸின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. உலகில் முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட நொதி இதுதான். நம் வாளவரைக்கு நெருங்கிய உறவான ஓர் அவரையிலிருந்து ஜேம்ஸ் சம்னர் 1926-இல் பிரித்தெடுத்தார். இடது கைப்பழக்கம் கொண்ட அவர் 17 வயதில் வேட்டை விபத்தொன்றில் இடது கையையே இழந்தவர். ஒற்றைக் கையோடு ஒன்பது ஆண்டுகள் உழைத்து, நொதி என்பது புரதம்தான் என்று காட்டினார். பலர் நம்பவில்லை. நோபல் பரிசு வந்தபோது ஆண்டு 1946.

இனி நெதர்லாந்து. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு பரப்புகூட இல்லாத நாடு. சண்டை மூண்ட 2019-இல் அங்கே கிட்டத்தட்ட 38 லட்சம் மாடுகள், ஒரு கோடிக்கு மேல் பன்றிகள். அங்கே எழும் அம்மோனியா காற்றில் மிதந்து காட்டிலும் புதர்வெளியிலும் படிகிறது. சத்துக் குறைந்த மண்ணுக்கென்றே பழகிய செடிகளைப் புல் மூடிவிடுகிறது. அம்மோனியா காரம்தான் என்றாலும், மண்ணின் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும்போது மண் அமிலமாகி அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து போகிறது. சுண்ணாம்பு இல்லையென்றால் நத்தைக்கு ஓடு இல்லை. நத்தை இல்லையென்றால் பட்டாணிக் குருவிக்கு முட்டையோடு இல்லை. 1994-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில் டச்சுக் காட்டுக் குருவிகளுக்கு நத்தை ஓட்டுத் துணுக்குகளைத் தனியே வைத்துப் பார்த்தார்கள். முட்டைகள் மீண்டும் உறுதியாயின. தொழுவத் தரையில் தொடங்கியது கூட்டுக்குள் இருக்கும் முட்டையில் முடிகிறது.

2015-இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. எதிர்காலத்தில் நைட்ரஜன் குறையும் என்ற கணக்கை வைத்து இன்றைக்கே பண்ணை விரிவாக்கத்துக்கு அனுமதி. அடுத்த மாதம் மழை வரும் என்று இன்று ஏரியைத் திறந்துவிடுவது போல. 2019 மே 29 அன்று நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அக்டோபர் 1 அன்று டிராக்டர்கள் அரசு இயங்கும் தி ஹேக் நகருக்குள் நுழைந்தன. அன்று காலை 1,000 கிலோமீட்டருக்கும் மேல் போக்குவரத்து நெரிசல். 2022-இல், சில இடங்களில் நைட்ரஜன் மாசை 95 சதவீதம்வரை குறைக்க வேண்டும் என்று அரசு வரைபடம் வெளியிட்டதும் வைக்கோல் கட்டுகள் எரிந்தன. 2023 மார்ச் மாகாணத் தேர்தலில் விவசாயிகளின் பக்கம் நின்ற புதிய கட்சி முதலிடம் பிடித்தது.

விவசாயிகளின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. "உங்களுக்கு அனுமதி தேவையில்லை, தெரிவித்தால் போதும்" என்று அரசே சொன்னதை நம்பிய ஆயிரக்கணக்கான பண்ணைகள் ஒரே தீர்ப்பில் சட்டத்துக்குப் புறம்பாகிவிட்டன. கடனை அடைக்க வேண்டியவர்கள் அவர்கள்.

பண்ணைத் தொழில் தெருவில் மட்டும் பதில் சொல்லவில்லை, தொழுவத்துக்குள்ளும் சொன்னது. யூரியாவும் யூரியேஸும் சந்திக்காமல் செய்துவிட்டால் போதும் அல்லவா? சாணம் மேலே தங்க, சிறுநீர் உடனே வடிந்துபோகும் பள்ளம் வெட்டிய தரைகள் வந்தன. ஒரு டச்சு நிறுவனம் மாட்டுக்குக் கழிப்பறையே செய்தது: மாடு தீவனம் தின்று முடித்ததும் பின்னால் ஒரு கிண்ணம் நகர்ந்து வந்து மடிக்கு மேலே உள்ள நரம்பைத் தூண்ட, மாடு அனிச்சையாகப் பெய்துவிடும். என் தாத்தா தொழுவத் தரையைப் பின்பக்கம் சரிவாக்கி, கோமியம் நேரே தென்னை மரத்தடிக்கு ஓடும்படி வாய்க்கால் வைத்திருந்தார். இந்தக் கருவியைப் பற்றிப் படித்தபோது அந்த வாய்க்கால்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் 2022 செப்டம்பரில் அதே நீதிமன்றம் இன்னொரு கேள்வி கேட்டது: குறைந்த மாசு என்று விற்கப்படும் தொழுவங்களில் உண்மையிலேயே அவ்வளவு குறைகிறதா? சோதனையில் வந்த எண் நடைமுறைத் தொழுவத்திலும் வரும் என்பதற்கு உறுதி இல்லை என்றது. பணம் போட்டுத் தரை மாற்றிய விவசாயி இரண்டாம் முறை ஏமாந்து நின்றார். அரசின் கணக்கீட்டு முறையை 2020-இல் ஆராய்ந்த நிபுணர் குழுவும், நாடு முழுமைக்கும் அது பொருந்துகிறது, தனித்தனி இடங்களுக்குப் போதாது, இன்னும் அதிகமாக அளவிடுங்கள் என்றுதான் சொல்லியிருந்தது. பண்ணைக்குப் பண்ணை அளக்கும் கருவிக்குச் செலவழிக்காமல் பண்ணையை மூடப் பணம் ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

நம் பக்கமும் இதைச் சொல்ல வேண்டும். 2020-இல் நாட்டு மாட்டின் சாணம், கோமியத்தில் மருந்து தேட ஒன்றிய அரசு ஆய்வுத் திட்டம் அறிவித்தது. 500-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் அதைக் கைவிடச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள். கோமியத்தில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் யூரியாவும் உப்புகளும். அதிலிருந்து எவ்வளவு நைட்ரஜன் காற்றில் வீணாகிறது என்று அளப்பதற்கு அந்தப் பணம் போயிருந்தால் நம் விவசாயிக்கு ஒரு மூட்டை யூரியாவாவது மிச்சமாகியிருக்கும்.

எல்லா வழிகளிலும் எளியது மேய்ச்சல். வெளியே விட்ட மாடு சாணம் போடுவது ஓரிடம், சிறுநீர் கழிப்பது வேறிடம். சிறுநீர் சாணத்தைத் தொடாமலே மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. வெளியே விட இடமில்லாத பண்ணைகளுக்காக ஜெர்மனியிலும் நியூசிலாந்திலும் உள்ள ஆய்வாளர்கள் கன்றுகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒதுக்கிய இடத்தில் போய்ப் பெய்தால் தின்பண்டம் கிடைக்கும், மற்ற இடத்தில் பெய்தால் ஒரு விரும்பாத தூண்டுதல். 2021-இல் முடிவு வந்தது: 16 கன்றுகளில் 11 சில வாரங்களுக்குள் கற்றுக்கொண்டுவிட்டன.