400 மணி நேரம்தான் ஓடியதா? ஓவர்ஹால் எந்த வருஷம் என்று கேளுங்கள்

செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தைப் பழையதாக வாங்க வருகிறவர்கள் விளம்பரத்தில் பார்ப்பது ஒரே எண்ணைத்தான்: ஓவர்ஹாலுக்கு (எஞ்சினை முழுசாகப் பிரித்துப் புதுப்பிப்பதற்கு) பிறகு எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது? "400 மணி நேரம்தான், புதுசு மாதிரி" என்றதும் அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. அந்த ஓவர்ஹால் நடந்து 25 வருஷம் ஆகியிருக்கும். அதை யாரும் கேட்பதில்லை.

25 வருஷத்தில் 400 மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 16 மணி நேரம். மற்ற நாளெல்லாம் ஹேங்கரில் சும்மா நின்றிருக்கிறது. இந்த விமானங்கள் பலவற்றில் இருக்கும் லைகமிங் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இருப்பது முக்கியத் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே. நிற்க நிற்க ஆயில் வடிந்துவிடும், உலர்ந்த இரும்பில் ஈரம் பட்டுத் துரு பிடிக்கும். பிறகு எஞ்சினை ஓட்டும்போது அந்தத் துருப்புள்ளிகளிலிருந்து கேம், அதோடு உரசும் டேப்பெட் இரண்டின் கடினமான மேல்தோலும் பெயர ஆரம்பிக்கும். "மாசம் ஒரு தடவை தரையிலேயே பத்து நிமிஷம் ஓட்டி வைப்போம்" என்பார்கள். அது இன்னும் கெடுதல்! ஆயில் 74 டிகிரி செல்சியஸாவது சூடேறி, அரை மணி நேரம் தொடர்ந்து பறந்தால்தான் உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகப் போகும்.

"கம்ப்ரஷன் 76/80 இருக்கே?" இருக்கட்டும். 80 அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் சிலிண்டர் 76-ஐப் பிடித்து வைக்கிறது என்று அர்த்தம். அது ரிங், வால்வு பற்றிய கணக்கு. கேம் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து, வெளிச்சத்தில் இரும்புத் துகள் மின்னுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சிலிண்டரைக் கழற்றி கேமை நேரில் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த எஞ்சினுக்கு லைகமிங் சொல்லும் கெடு 2000 மணி நேரம் அல்லது 12 வருஷம், எது முந்துகிறதோ அது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குப் பறப்பவர்களுக்கு அது சட்டக் கட்டாயம் இல்லை. விலை பேசும்போது மட்டும் அதை விட்டுவிடாதீர்கள். ஓவர்ஹாலுக்கு 36,000 டாலர் ஆகும் என்று வையுங்கள். 2000 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 18 டாலர். பாதி ஆயுள், அதாவது 1000 மணி நேரம், கழிந்த எஞ்சினை அடிப்படையாக வைத்தால், 400 மணி நேரமே ஓடிய இதில் அதைவிட 600 மணி நேரம் கூடுதலாக மிச்சம் என்று விற்பவர் 10,800 டாலர் கூட்டுவார். நீங்கள் அதைக் கூட்டக் கூடாது. 12 வருஷக் கெடு எப்போதோ தாண்டிவிட்டதால், ஆயுள் முடிந்த எஞ்சின் என்று எடுத்துக்கொண்டு, மீதிப் பாதிக்கான 18,000 டாலர் கழிக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 28,800 டாலர்.

புது பெயின்ட், புது ரேடியோ எல்லாம் போட்ட காசுக்குப் பெறாது. லாக்புக் (பராமரிப்புக் குறிப்பேடு) ஒன்று தொலைந்திருந்தாலும் விலையைத் தாராளமாகக் குறையுங்கள். சீட் தண்டவாளத்தின் துளைகளை விரலால் தடவிப் பாருங்கள். நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் டேக்-ஆஃப் நேரத்தில் பைலட் சீட் பின்னால் வழுக்கிப் போய்விடலாம்.

அந்த விமானத்தை இதுவரை தொடாத மெக்கானிக்கை வைத்துச் சோதியுங்கள். அமெரிக்க விமானங்களின் உரிமை, கடன் விவரங்கள் இருக்கும் ஓக்லஹோமா சிட்டி பதிவேட்டில் அதன்மேல் கடன் பாக்கி உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகு போதும்.