எல்லாத்துக்கும் 'எஸ்' தானேன்னு கேக்காதீங்க

இந்த வாரமும் லேபுக்கு அதே போன். கல்ச்சர் ரிப்போர்ட்ல, அதாவது சாம்பிள்ல இருக்கிற கிருமிய வளத்துப் பாத்து எந்த மருந்து கேக்கும்னு சொல்ற தாள்ல, வாயில நுழையாத ஒரு பேர், கீழ வரிசையா எல்லா மருந்துக்கும் 'எஸ்'. "எல்லாத்துக்கும் சென்சிட்டிவ் தானே மேடம், அப்போ சாதுவான கிருமிதானே, மாத்திரைய நிறுத்திடலாமா?" பேஷண்ட் வீட்ல இருந்து கேட்டா பரவால்ல, சில நேரம் வார்டுல இருந்தே கேக்குறாங்க.

'எஸ்'னா சென்சிட்டிவ், அந்த மருந்து குடுத்தா கிருமி பெரும்பாலும் அடங்கும்னு அர்த்தம், அவ்ளோதான். அது உடம்புக்குள்ள என்ன அட்டூழியம் பண்ணும்னு அந்தத் தாள் ஒரு வார்த்தை சொல்லாது. மருந்துக்கு அடங்காதது ஒரு குணம், உடம்ப நாசம் பண்றது வேற குணம். எந்த மருந்துக்கும் மசியாத கிருமி சிலது ஆரோக்கியமான ஆளோட குடல்ல சும்மா குடியிருக்கும், மாத்திரைக்கே சாகுற ஒண்ணு ரெண்டு நாள்ல ஆளையே முடிச்சிடும்.

கேப்னோசைட்டோஃபேகா கேனிமோர்சஸ்ன்னு ஒண்ணு. நாய் வாயில சாதாரணமா இருக்கும், பெனிசிலின் வகை மருந்துக்கு பெரும்பாலும் அடங்கிடும். ஆனா அதோட மேலுறை கொழுப்பு கொஞ்சம் மாறி இருக்கறதால நம்ம எதிர்ப்பு செல்லு அதை சரியா கண்டுக்கவே கண்டுக்காது, அது பாட்டுக்கு நம்ம செல்லு மேல இருக்கிற சர்க்கரைய உரிச்சுத் தின்னு வளரும். மண்ணீரல் எடுத்தவங்களுக்கு இது ரத்தத்துல ஏறினா நிலைமை மோசம்.

குரோமோபாக்டீரியம் வயலேசியம் இன்னொண்ணு, மண்ணுலயும் தேங்கின தண்ணியிலயும் இருக்கிறது. மனுஷனுக்கு வந்ததா முதல்ல பதிவானது 1927-ல, மலாயாவுல. லேப்ல கிருமி வளக்குற பிளேட்ல கரு ஊதாவா வளரும், பாத்ததும் ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் செல்போனோட ஓடி வருவாங்க. அட, ஆளக் கொல்றது அந்த கலர் இல்லப்பா, கலரே இல்லாத ரகமும் கொன்னிருக்கு. தன்கிட்ட இருக்கிற நுண்ணிய ஊசி மாதிரி ஒண்ண வெச்சு நம்ம செல்லுக்குள்ளயே புரதத்த ஏத்துதே, அதுதான் ஆபத்து. கல்லீரல்ல சீழ்க்கட்டி வரைக்கும் போகும். சிப்ரோங்கிற ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் கேக்கும், ஆனா வழக்கமா ஆரம்பிக்கிற செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக் அனேகமா கேக்காது, அதனால பேரு தெரியாத கிருமி, வெளியில இருந்து சாம்பிள்ல கலந்த கன்டாமினேஷனா இருக்கும்னு ரிப்போர்ட்ட ஓரம் கட்டுனா போச்சு.

நாய் கடிச்சாலோ, புண்ணை நக்கினாலோ உடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணியில நல்லா கழுவுங்க. ரேபிஸ் ஊசி கண்டிப்பா போடணும், ஆனா அது இந்த பாக்டீரியாவ தடுக்காது, அதுக்கு ஆன்டிபயாட்டிக் வேணுமான்னு தனியா கேளுங்க. மண்ணீரல் எடுத்திருந்தா டாக்டர் கேக்கட்டும்னு காத்திருக்காம நீங்களே முதல்ல சொல்லிடுங்க, கெஞ்சி கேக்குறேன். சேத்துத் தண்ணியில காயம் பட்டு அப்புறம் காய்ச்சல் வந்தா அதையும் சொல்லுங்க. காய்ச்சல் விட்டுடுச்சுன்னு மாத்திரைய பாதியில நிறுத்தாதீங்க.

டாக்டர்களே, சாம்பிள் ஃபார்ம்ல வெறும் 'ஃபீவர்'னு மட்டும் எழுதி அனுப்பாதீங்க. நாய் கடியா, சேத்துக் காயமா, மண்ணீரல் இருக்கா, ஒரு வரி போதும். கேனிமோர்சஸ் மெதுவா வளர்றது, விஷயம் தெரிஞ்சாதானே பிளேட்ட சீக்கிரமா தூக்கிப் போடாம வெச்சிருப்போம்?